திதி தெரியாதவர்களுக்கு ஒரு கல்

மருதனார்மடத்தில் எங்கள் அடுத்த வளவில் சின்னம்மா இருக்கிறார். அவருடைய மூத்த மகனைக் கடைசியாகக் கண்டது 2009 ஏப்ரலில், வன்னியில். உடலும் இல்லை, நாளும் இல்லை. திதி தெரியாததால் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போவார். சில வருடங்களில் அதுவும் இல்லை. கடன் கழித்தால் பிள்ளை செத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பார்.

இதே சிக்கல் யூதர்களுக்கும் வந்தது. நாசிகள் கொன்ற சுமார் 60 இலட்சம் பேரில் பெரும்பாலானோருக்குக் கல்லறை கிடையாது. கிபிர் விமானம் செய்த நாட்டின் கதையா என்று சிலர் கேட்பீர்கள். அந்த நாடு உருவாக முன்னரே கொல்லப்பட்ட தையற்காரரையும் பாண் சுடுவோரையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

நியூயோர்க், பாரிஸ் போன்ற நகரங்களுக்கு முன்னமே குடிபெயர்ந்த யூதர்கள் ஊருக்கொரு சங்கம் வைத்திருந்தார்கள். ரொறன்ரோவில் உள்ள நம் ஊர்ச்சங்கங்கள் மாதிரித்தான். உறுப்பினர்களைப் புதைக்க மயானத்தில் காணி வாங்கி வைப்பது அவற்றின் முக்கிய வேலைகளில் ஒன்று. போர் முடிந்தபின், அழிந்துபோன சொந்த ஊருக்கு அந்தக் காணியிலேயே ஒரு கல் நட்டார்கள். எந்த அரசையும் கேட்டு நிற்கவில்லை. நியூயோர்க்கின் மவுண்ட் ஹீப்ரோன், பாரிஸை அடுத்த பான்யூ, டெல் அவிவுக்கு அருகேயுள்ள ஹோலோன் மயானங்களில் இப்படிப் பல கற்கள் நிற்கின்றன.

யூதர்களும் இறந்த நாளைத் தங்கள் நாட்காட்டிப்படி ஆண்டுதோறும் விளக்கேற்றி நினைப்பவர்கள். 'கதிஷ்' என்ற பிரார்த்தனையைப் பத்துப் பேர் கூடித்தான் சொல்ல வேண்டும். நாள் தெரியாதபோது என்ன செய்வது? ஊர்ச் சனத்தை ஒட்டுமொத்தமாக ரயிலில் ஏற்றிய நாளை, அல்லது சுட்டுக் கொன்ற நாளைப் பல ஊரவர்கள் பொதுத் திதியாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு தாய் தனியே ஒப்புக்கொள்ள முடியாத சாவை ஊர் கூடி ஒப்புக்கொண்டது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பழைய கல்லறைகளையும் நாசிகள் விட்டுவைக்கவில்லை. பெயர் பொறித்த கற்களைப் பிடுங்கி வீதிகளுக்குப் பரப்பினார்கள். போலந்தின் கசிமியெஷ் டோல்னியில் அந்த உடைசல்களைச் சேர்த்து 1984இல் ஒரு சுவர் எழுப்பப்பட்டது. சுவரின் குறுக்கே ஒரு பிளவை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்.

இதை வாசித்தபோது எனக்குக் கோப்பாய் நினைவுக்கு வந்தது. மருதனார்மடம் சந்தியிலிருந்து கிழக்கே உரும்பிராய் தாண்டினால் கோப்பாய். யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்குப் போனபின் அங்கிருந்த துயிலுமில்லம் உடைக்கப்பட்டது. 2002 சமாதான காலத்தில் மீளக் கட்டியபோது, உடைந்த கற்றுண்டுகளை ஒரு பக்கத்தில் அப்படியே பார்வைக்கு வைத்தார்கள். போர் முடிந்தபின் அதுவும் இடிக்கப்பட்டு, 2011இல் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் அந்த நிலத்தில் திறக்கப்பட்டது. இப்போது நவம்பர் 27இல் முகாமுக்கு முன்னால்தான் விளக்கேற்றுகிறார்கள்.

சின்னம்மாவின் மகன் போராளி அல்ல. அவனுக்கு இடிப்பதற்குக்கூட ஒரு கல் இருந்ததில்லை.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "கல்லிலை ஊர்ப்பேர் மட்டுமோ, ஆக்களின்ரை பேரும் இருக்குமோ?" என்று கேட்டார். சிலவற்றில் ஆட்பெயர்களும் உண்டு என்றேன். திரெப்லிங்கா கொலைமுகாம் இருந்த இடத்தில் சுமார் 17,000 கற்கள் நிற்பதையும் சொன்னேன். பலவற்றில் ஊர்ப்பெயர்கள். ஆட்பெயர் ஒன்றே ஒன்று: தன் அநாதைப் பிள்ளைகளை விட்டுப் பிரியாமல் கூடவே போன வைத்தியர் யானுஸ் கோர்ச்சாக்.

சின்னம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப இவனுக்கு எந்த ஊரைப் போடுறது? பிறந்தது இஞ்சை. போனது எந்த இடமெண்டு ஆருக்குத் தெரியும்?"