பத்து ஆண்டில் பதினைந்து வயது

அயர்லாந்தில் ஒரு விவசாயி. 1901 மார்ச் 31 இரவு எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அவருக்கு வயது 56. 1911 ஏப்ரல் 2 கணக்கில் 71! ஊர் அதே, மனைவி பெயர் அதே. இப்படி ஒரு பதிவைக் கண்டால், பூட்டனைத் தேடும் பேரப்பிள்ளைகள் ‘இவர் வேறு ஆள்’ என்று கடந்துவிடுவார்கள். அவசரப்படக் கூடாது. அந்த நாட்டில் இத்தகைய வயதுத் தாவல் சர்வ சாதாரணம்.

காரணம், இரண்டு கணக்குகளுக்கும் நடுவே வந்த முதியோர் ஓய்வூதியச் சட்டம். 1908-ல் நிறைவேறி, 1909 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. ஆனால் அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் அரசு பதிவுசெய்யத் தொடங்கியதே 1864-ல்தான். முதியவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் ஏது? 1839 ஜனவரி 6 இரவு அடித்த பெரும்புயல் நினைவிருக்கிறது என்று சொல்லியே வயதை நிறுவப் பார்த்தார்கள். சிலர் வயதைக் கூட்டிச் சொன்னதுண்டு. அதற்காக எல்லாரும் பொய் சொன்னதாகாது. அதுவரை சரியான வயது பலருக்குத் தேவைப்படவே இல்லை.

ஆள் அவர்தானா என்பதை வீடு காட்டிக்கொடுக்கும்.

குடும்பத்தார் விவரம் ஒரு தாளில் இருக்க, கணக்கெடுக்க வந்த காவலர் வீட்டைப் பற்றித் தனிப்படிவம் எழுதினார். சுவர் கல்லா மண்ணா, கூரை வைக்கோலா ஓடா, அறைகள் எத்தனை, முன்பக்கம் சன்னல்கள் எத்தனை என்றெல்லாம் அதில் இருக்கும். 1911-ல் மனைவியிடம் கேட்ட கேள்விகள் இன்னும் உதவும்: மணமாகி எத்தனை ஆண்டு, பெற்றது எத்தனை, உயிரோடிருப்பது எத்தனை? மணமாகி 38 ஆண்டு என்றால், 1873-ஐ ஒட்டிய திருமணப் பதிவுகளைத் தேடலாம். அதில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயரும் இருக்கும்.

1841, 1851 கணக்கேடுகளில் பெரும்பகுதி, 1922 ஜூனில் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோனது. ஆனால், ஓய்வூதியம் கேட்டவர்களுக்காக அதிகாரிகள் அவற்றைப் புரட்டி எழுதிய தேடல் சீட்டுகள் தப்பின. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம். நம் விவசாயிக்கும் அங்கே ஒரு சீட்டு கிடைத்து, 1851-ல் அவருக்கு வயது 6 என்றிருந்தால் 1901 கணக்கு சரி. 11 என்றிருந்தால் 1911 கணக்கு சரி. பக்கத்திலேயே அவருடைய தாய் தகப்பன் பெயர்களும் இருக்கும்.