கர்ப்பிணிகளின் இரத்தக் குறைவு

அண்மையில் கனகம்மாசத்திரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வீடுகளைப் பார்வையிட்டு வருகையில், ஒரு வீட்டின் இறவாரத்தில் செருகியிருந்த சிவப்பு மாத்திரை அட்டைகள் நம் கண்ணில் பட்டன. ஏழு மாதக் கர்ப்பிணியான அவ்வீட்டு மருமகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழங்கியவை அவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. காரணம் வினவியபோது, தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சில் மாமியார் விடையளித்தார்: "அதைத் தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும், பெருத்தும் போகும், பிரசவம் கஷ்டமாகிவிடும், ஐயா." அம்மூதாட்டியைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. மாத்திரையைக் கொடுத்தவர்கள் பலர். அஃது எதற்கென விளங்கச் சொன்னவர் எவருமிலர். ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு அதன் வரலாற்றை எடுத்துரைக்க விழைகின்றோம்.

1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அந்நகரின் நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடும் இரத்த சோகைக்கு ஆளாகிப் பலர் மாண்டனர். இதற்குக் காரணம் ஏதேனும் கிருமியாக இருக்கலாமெனக் கருதி ஆராய்ந்தார், கிருமி அகப்படவில்லை. பின்னர் அப்பெண்கள் என்ன உண்கின்றனர் என்று பார்க்கத் தொடங்கினார். 1929-ல் நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்திற்கு வந்து, அதே உணவை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். அவையும் சோகையுற்றன. எனினும் எலிகளின் உடலிலிருந்த பேன்கள் பரப்பிய நோயொன்று இடையில் புகுந்து கணக்கைக் குழப்பிவிட்டது. சலியாமல் குரங்குகளை வைத்து மீண்டும் தொடங்கினார். குறையுணவால் சோகையுற்ற குரங்கு ஒன்றுக்கு 'மார்மைட்' என்னும் ஈஸ்டுச் சாற்றைக் கொடுத்தபோது அது வியக்கத்தக்க வகையில் தேறிற்று. ஈஸ்டு என்பது மது வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் நொதிப்பொருள்; விலை மிகக் குறைந்தது.

அதனைக் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார், அவர்களும் தேறினர். 1931-ல் இம்முடிவுகள் வெளியாயின. அவ்வாண்டில் அவர் சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா மருத்துவமனையிலும் ஆராய்ச்சி நடத்தினார். அம்மருத்துவமனை இன்று அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை என வழங்குகிறது. ஈஸ்டுச் சாற்றிலிருந்த சத்து இன்னதென்று அன்று எவருக்கும் தெரியாது. 1941-ல் அமெரிக்காவில் அதனைப் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு 'ஃபோலிக் அமிலம்' எனப் பெயரிட்டனர். கீரையை விலையில்லாப் பொருளெனத் தள்ளும் நம்மவர் இப்பெயரை நினைவிற் கொள்ளலாம்.

அதனை ஆய்வுக்கூடத்திலேயே செய்து மலிவாக்கியது எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழுவாகும். 1895-ல் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்றவர் அவர். உடன்பிறந்தாரை 'ஸ்புரூ' என்னும் வயிற்று நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்நோயையும் ஃபோலிக் அமிலம் தீர்க்கிறது. 1945-ல் அவர் குழுவினர் இதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். ஆந்திர எல்லையில், இருமொழியும் வழங்கும் நம் வட்டாரத்து வீடுகளில் இப்பெயர் அறியப்படாதிருப்பது வருந்தத்தக்கது.

நம் நாட்டுக் கர்ப்பிணிகளின் சோகைக்குப் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவே முதற் காரணம். ஃபோலிக் அமிலக் குறைவு அதனுடன் சேர்கிறது. எனவேதான் ஒரே மாத்திரையில் இரண்டும் உள்ளன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்த சோகை உண்டு. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் பேராபத்து. பிரசவத்தின்போது எல்லாத் தாய்மார்களுக்கும் இரத்தம் போகும். நிறைந்த குளத்தில் நாலு குடம் மொண்டால் தெரிவதில்லை. வற்றிய குட்டையில் மொண்டால் சேறுதான் மிஞ்சும். இரத்தம் குறைந்த தாய் சிறிதளவு போக்கையும் தாங்கமாட்டாள். குறைமாதத்திலோ, இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையிலோ குழந்தை பிறக்கும் அபாயமும் மிகுதி.

மாமியாரின் அச்சத்திற்கு வருவோம். மாத்திரையால் கறுப்பது மலமே, குழந்தை அன்று. உடலில் ஏறாத இரும்பு வெளியேறுவதால் அந்நிறம் உண்டாகிறது. குமட்டல் எடுத்தால் இரவு உணவுக்குப் பின் விழுங்கலாம். தேநீருடன் சேர்த்து உட்கொண்டால் இரும்பு உடலில் ஒட்டாது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவை ஒட்டச் செய்யும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறு வேளைக்கு ஒதுக்க வேண்டும். நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாட்களும், பிரசவித்தபின் மேலும் 180 நாட்களும் உட்கொள்ளல் வேண்டும். முருங்கைக் கீரை, பயறு, நம் மானாவாரியில் விளையும் நிலக்கடலை யாவும் துணை செய்யும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் ஃபோலிக் அமிலம் அந்நீரோடு போய்விடும்.

இன்னுமொரு செய்தியுண்டு. குழந்தையின் முதுகுத் தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ளும். தாய்க்கே அப்போது கருவுற்றது தெரியாது. இக்குறையுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மார்களை வைத்து 7 நாடுகளில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 1991-ல் வெளிவந்தது. கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டவர்களிடம் இக்குறை நூற்றுக்கு 72 பங்கு குறைந்திருந்தது. ஆகையால் பள்ளிச் சிறுமியருக்கு வாரந்தோறும் தரும் நீல மாத்திரையையும் அலட்சியம் செய்யலாகாது. புதுமணம் புரிந்த பெண்ணைத் தொடக்கத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் அழைத்துச் செல்லுதல் நலம்.

முற்கூறிய மருமகளின் இரத்தம் 8 கிராமே இருந்தது. மாத்திரை ஒன்றினால் மட்டும் பிரசவத்திற்குள் ஈடு செய்ய முடியாதென்று மருத்துவர் கருதி, இரும்புச் சத்தை இரத்தக் குழாய் வழியே ஊசி மூலம் செலுத்த ஏற்பாடு செய்துள்ளார். பேருந்து நிற்கும் சாலைக்கு அவ்வீட்டிலிருந்து நெடுந்தூரம் நடக்கவேண்டும். குறித்த நாட்களில் அவரை ஏற்றிச் செல்ல அவ்வூர் வார்டு உறுப்பினர் தம் வண்டியைத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். துணைக்கு மாமியாரும் உடன் செல்கிறார்.