ரோபோவின் கை ஏன் பாதியில் நிற்கிறது? ஏற்றத்தில் இருக்கிறது கணக்கு

போட்டி சில நிமிடம்தான். ரோபோ நன்றாக ஓடுகிறது. ஆனால் பந்தைத் தூக்கும் கை பாதியில் நின்று நடுங்குகிறது. மோட்டாரைத் தொட்டால் சுடுகிறது. 2002-ல் தொடங்கிய ஏபியூ ரோபோகான் போன்ற போட்டிகளுக்குத் தயாராகிற மாணவர்களுக்குப் பழக்கமான தொல்லை இது. உடனே வரும் யோசனை, “பெரிய மோட்டார் போட்டுடலாம்!”

புவனகிரி, சிதம்பரம் பக்கத்துப் பெரியவர்கள் வேறு வழி சொல்வார்கள். பம்ப்செட் வருமுன் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஏற்றம்தான் தண்ணீர் இறைத்தது. கால் நட்டு, அதன்மேல் நீண்ட மரம். ஒரு முனையில் கழியும் சாலும். ஏற்றம் மிதிக்கிறவர் மரத்தின் மேலேயே கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும், திரும்பி நடந்தால் ஏறும். அதாவது, எதிர் எடையே நடமாடும்!

ஒற்றை ஆள் இறைக்கும் சின்ன ஏற்றத்தில் பின்முனையில் கல்லைக் கட்டிவிடுவார்கள். எவ்வளவு பெரிய கல்? வெறும் சால் 4 கிலோ, நிறைந்தால் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கல்லின் இழுப்பு நடுவில், 12 கிலோவுக்குச் சமமாக இருந்தால், சாலை இறக்க 8 கிலோ, ஏற்ற 8 கிலோ. 20 கிலோவைத் தூக்கும் வேலையே இல்லை.

ரோபோவுக்கும் இதே கணக்குதான். 4 கிலோ கை. அதன் எடை மையம் அச்சிலிருந்து 50 செ.மீ. பெருக்கினால் 200. முனையில், 100 செ.மீ. தூரத்தில், அரை கிலோ பந்து, இன்னொரு 50. கை கிடைமட்டமாக நீளும்போது மோட்டார் தாங்க வேண்டியது 250. அச்சுக்குப் பின்னால் 25 செ.மீ.யில் 9 கிலோ வைத்தால் 225 கழிந்துவிடும். பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் மோட்டாருக்கு மிச்சம் 25 மட்டுமே, பத்தில் ஒரு பங்கு.

சரி, 9 கிலோவுக்கு எங்கே போவது? போட்டிகளில் எடைக்கு வரம்பு உண்டே. கெட்டிக்கார அணிகள் மோட்டாரையும் கியர் பெட்டியையுமே கையின் பின்முனைக்குத் தள்ளிவிடுகின்றன. எப்படியும் சுமக்கப் போகிற எடைதானே!

அதுவும் போதாதபோது ஸ்பிரிங். கார் டிக்கியைத் தூக்கி நிறுத்தும் கேஸ் ஸ்பிரிங்கும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் ஒரு சிக்கல்: கை 60 டிகிரி உயர்ந்தால் அதன் பாரம் பாதியாகிவிடும், செங்குத்தாக நின்றால் பூஜ்யம். கல்லின் இழுப்பு கூடவே குறையும். ஸ்பிரிங் தானாகக் குறையாது. எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கிலாந்தின் கார் பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டைன் 1930-களில் உருவாக்கிய ஆங்கிள்பாய்ஸ் மேசை விளக்கு, விட்ட இடத்தில் நிற்பது இந்தச் சூட்சுமத்தால்தான்.

சோதிப்பது எளிது. மோட்டாரின் செயினைக் கழற்றிவிட்டு, கையை ஒவ்வொரு கோணத்திலும் விட்டுப் பாருங்கள். விழுந்தால் எதிர் இழுப்பு குறைவு, எழும்பினால் அதிகம். ஸ்பிரிங் மாட்டியிருந்தால் மட்டும் முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, கையைக் கெட்டியாகப் பிடித்தபடி கழற்றுங்கள். அதிகமாக இழுபட்ட ஸ்பிரிங் கையை வீசி அடித்துவிடும்.