பூனையும் கோவைத் தண்ணீரும்

ஒரகடத்தில் ஆலை வேலைக்குப் போகும் தோழி கர்ப்பமானதும், "முதல்ல பூனையை விரட்டு"ன்னு வீட்டில் சொல்லிட்டாங்களாம். காரணம் டாக்ஸோபிளாஸ்மா. கர்ப்பகாலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் குழந்தையின் கண், மூளை பாதிக்கப்படலாம். பயம் நியாயம்தான். ஆனால் பூனையைத் தடவுவதைவிட, அதன் மலம் கலந்த மண்ணும் தண்ணீரும்தான் ஆபத்து.

கோவையில் 2004-05ல் இந்தத் தொற்றால் கண் பாதித்து ஒரே மருத்துவமனைக்கு வந்தவர்கள் 248 பேர்! பெரும்பாலானோர் ஒரே நீர்த்தேக்கத்துத் தண்ணீரைக் குடித்த பகுதிக்காரர்கள். சந்தேகம் அந்தத் தண்ணீர் மேல்தான் விழுந்தது.

பூனை பொதுவாக வாழ்நாளில் ஒரு தடவைதான், ஒன்றிரண்டு வாரம், இந்தக் கிருமியின் முட்டைகளை மலத்தில் வெளியேற்றும். ஆனால் லட்சக்கணக்கில். புதிதாக வந்தவை தொற்றாது. முதிர 1 முதல் 5 நாள் ஆகும். அதனால பூனையின் மணல் தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்தால் பெரும் ஆபத்து குறையும். முதிர்ந்துவிட்டால் ஈர மண்ணில் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். குளோரினுக்கும் அசையாது, கொதிக்க வைத்தால்தான் சாகும்.

சரியாக வேகாத ஆட்டுக்கறி மூலமாகவும் வரும். வீட்டில் பூனையே இல்லாதவர்களுக்கும்தான்.