நாலாவது நாள் கொட்டிடாதீங்க! சவர்டோ ஸ்டார்ட்டருக்குள்ள யார் இருக்காங்க?

முதல்ல என் தோல்விக் கதை. முதல்முறை சவர்டோ ஸ்டார்ட்டர் போட்டேன். கோதுமை மாவு, தண்ணி, ஒரு கண்ணாடி பாட்டில், அவ்வளவுதான். ரெண்டாவது நாளே மூடி வரைக்கும் பொங்கிடுச்சு. வீட்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். நாலாவது நாள் ஒரு குமிழ்கூட இல்லை. செத்துப்போச்சுன்னு சிங்க்ல கொட்டிட்டேன்.

அது சாகவே இல்லைன்னு பிறகுதான் தெரிஞ்சது.

மாவுல பலவகை பாக்டீரியாக்கள் ஏற்கெனவே இருக்கு. தண்ணி பட்டதும் முதல்ல வேகமா வளருவது லூக்கோனோஸ்டாக் மாதிரியான பாக்டீரியாக்கள். ரெண்டாம் நாள் பொங்கினது அவை விட்ட வாயுவால, ஈஸ்ட்டால இல்லை. அவை வாயுவோட அமிலத்தையும் சுரக்கும். புளிப்பு ஏற ஏற, அதை அவற்றாலேயே தாங்க முடியாது, அடங்கிப்போகும். புளிப்பைத் தாங்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் காட்டு ஈஸ்ட்டும் அதுக்கப்புறம்தான் மெதுவா பெருகும். நாலாம் நாள் அமைதி ஒரு ஷிஃப்ட் மாறும் நேரம். நான் கொட்டினது அந்த இடைவெளியில!

இட்லி மாவை யோசிச்சுப் பாருங்க. அதைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு லூக்கோனோஸ்டாக்குக்குத்தான். ஒரே ராத்திரியில புளிச்சதும் நாம இட்லி ஊத்திடுறோம். அதாவது முதல் ஷிஃப்ட்லயே வேலையை முடிச்சுக்கிறோம். சவர்டோவுக்கு ரெண்டாவது ஷிஃப்ட் வரைக்கும் காத்திருக்கணும்.

அந்த ரெண்டாவது ஷிஃப்ட்ல யார் இருக்காங்க? நல்லா ஆராயப்பட்ட உதாரணம் சான் பிரான்சிஸ்கோ பிரெட். அமெரிக்க விவசாயத் துறையின் ஆய்வகத்தில் இருந்த கிளைன், சுகிஹாரா இருவரும் 1971ல் அதுக்குள்ள ஒரு ஜோடியைக் கண்டுபிடிச்சாங்க: ஒரு ஈஸ்ட், ஒரு பாக்டீரியா. ஒரு ஈஸ்ட் செல்லுக்குக் கிட்டத்தட்ட 100 பாக்டீரியா. அந்த பாக்டீரியாவுக்கு ஊர் பேரையே வெச்சாங்க, சான்பிரான்சிஸ்சென்சிஸ்னு. ஆனா அதே பாக்டீரியா ஐரோப்பிய ஸ்டார்ட்டர்கள்லயும் இருப்பது பிறகு தெரிஞ்சது.

சுவாரஸ்யமே இந்த ஜோடி சாப்பிடும் விதம்தான். மாவுல இருக்கும் ஸ்டார்ச் உடைஞ்சு மால்டோஸ் என்ற சர்க்கரை வரும். பாக்டீரியாவுக்கு மால்டோஸ்னா உயிர். இந்த ஈஸ்ட்டால அதைத் தொடவே முடியாது. அதுக்கு குளுக்கோஸ் மாதிரி எளிய சர்க்கரைகள் வேணும். பாக்டீரியா மால்டோஸை உடைக்கும்போது கொஞ்சம் குளுக்கோஸை வெளியே விடும். அது ஈஸ்ட்டுக்கு. ஒரே பாட்டில், ஆனா சாப்பாட்டுச் சண்டை இல்லை. பாக்டீரியா சுரக்கும் அசிட்டிக் அமிலம் மத்த பல நுண்ணுயிர்களை விரட்டும். இந்த ஈஸ்ட் அதைத் தாங்கிக்கும். பிரெட்டை உப்ப வைக்கும் வேலை பெரும்பாலும் ஈஸ்ட்டோடது, புளிப்பு பாக்டீரியாவோடது.

எல்லா ஸ்டார்ட்டர்லயும் இதே ஜோடி இருக்காது, ஆளுங்க மாறுவாங்க. ஆனா ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒரே பாட்டில்ல சேர்ந்து வாழும் ஏற்பாடு பொதுவானது.

அதனால நாலாம் நாள் அடங்கிட்டா பதறாதீங்க. தினமும் கொஞ்சத்தை எடுத்துட்டு, புது மாவும் தண்ணியும் கொடுத்துட்டே இருங்க. ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். பூஞ்சை படர்ந்தாலோ, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறம் தெரிஞ்சாலோ மட்டும் யோசிக்காம கொட்டிடுங்க.

என் ரெண்டாவது பாட்டிலும் நாலாம் நாள் அடங்குச்சு. இந்த முறை கொட்டலை. ஒன்பதாம் நாள் காலையில ரெண்டு மடங்கா ஏறி நின்னுச்சு. உங்க பாட்டில் இப்ப எத்தனையாவது நாள்ல இருக்கு? சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.