கூட்டமும் குறிப்பேடும்: வடசென்னையில் ஊர் பேசும் இடங்கள்

சென்னை மாநகராட்சியின் மணலி மண்டலத்தில் அடங்கிய மாத்தூர், 2011-ஆம் ஆண்டு வரை திருவள்ளூர் மாவட்டத்துக் கிராம ஊராட்சிகளில் ஒன்றாக இருந்தது. அந்த ஆண்டில் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் உள்ளிட்ட 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் அதனுடன் இணைக்கப்பட்டன. இணைப்பால் ஊருக்கு என்ன வந்தது, என்ன வரவில்லை என்று சாலையையும் குடிநீரையும் பாதாளச் சாக்கடையையும் சொத்து வரியையும் வைத்துக் கணக்குப் பார்த்தவர்கள் பலர். ஊரைவிட்டுப் போன ஒன்றைப் பற்றிய பேச்சு மட்டும் அரிதாகவே எழுந்தது. அது கிராம சபை.

ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் உறுப்பினராக அமையும் பேரவையே கிராம சபை. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்து அதற்கு அடித்தளம் இட்டது; 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதற்கு உருவம் தந்தது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கு நாள்களில் அது கூடுவது வழக்கமாயிற்று; பின்னாளில் மார்ச் 22, நவம்பர் 1 என இரு நாள்கள் சேர்ந்தன. ஊரின் மக்கள்தொகைக்கு ஏற்ப 50 பேர் முதல் 300 பேர் வரை வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற குறைவெண் வரம்பும், வரவு செலவு வாசிக்கப்பட வேண்டும் என்ற முறையும், எடுத்த முடிவு தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டுக் கையொப்பம் பெற வேண்டும் என்ற ஒழுங்கும் அதற்கு உண்டு. பல ஊர்களில் கூட்டம் நடவாமலே கையொப்பம் மட்டும் வாங்கப்பட்டதும், தலைவரின் உறவினரே பேசி முடித்ததும் மறைக்க வேண்டிய செய்திகள் அல்ல. ஆயினும் கூலி வேலை செய்பவர் ஒருவர் எழுந்து நின்று தெருவிளக்கைப் பற்றிக் கேட்ட கேள்வி அரசு ஏடு ஒன்றில் ஏறுவதற்கு வழி இருந்தது என்பதே அதன் சிறப்பு.

ஊராட்சி மாநகராட்சிக்குள் கரைந்த நாளில் அந்த வழி அடைபட்டது. நகரங்களுக்கென வந்த 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருந்தாலும், அது 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்று சொன்னதே தவிர, வாக்காளர் அனைவரும் கூடும் அவை ஒன்றைக் கட்டாயமாக்கவில்லை. தமிழ்நாடு 2010-இல் சட்டத்தைத் திருத்தி, வார்டு குழுவுக்கும் அதன்கீழ்ப் பகுதி சபைக்கும் இடம் ஒதுக்கியது. ஆனால் அவற்றை நடத்துவதற்கான விதிகள் 2022-இல்தான் வெளிவந்தன. இடைப்பட்ட காலத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் பதவிக்காலம் 2016-இல் முடிந்தபின் 2022 பிப்ரவரி வரை நகர்ப்புறத் தேர்தல் நடைபெறாததால், ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாநகராட்சியைத் தனி அலுவலர்களே நடத்தினார்கள். ஆக, மாத்தூர்வாசி ஒருவர் 2011-இல் கிராம சபையையும், 2016-இல் மாமன்ற உறுப்பினரையும் இழந்து, ஊர்ப் பேச்சைக் கொண்டுசேர்க்கச் சட்டம் சார்ந்த இடம் எதுவுமின்றிப் பல ஆண்டுகள் இருந்திருக்கிறார்.

சட்டம் இடம் தரவில்லை என்பதற்காக ஊர் பேசாமல் இருந்துவிடவில்லை. மாத்தூரின் பெரும்பகுதி, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் மனை பிரித்து உருவாக்கிய குடியிருப்பு; குழுமத்தின் ஆங்கிலப் பெயர் மாறிப் பல காலம் ஆகியும், பேருந்துப் பலகையிலும் பேச்சிலும் அது இன்றும் எம்.எம்.டி.ஏ. மாத்தூர்தான். பழைய ஊர்க்குடிகளும், மணலி ஆலைகளையும் துறைமுகத்தையும் நம்பி வந்தவர்களும், வாடகை குறைவென்று தேடி வந்தவர்களும் கலந்து வாழும் இத்தகைய குடியிருப்புகளில், பேச்சுக்கு முதல் கூரையாக அமைவது குடியிருப்போர் நலச்சங்கம். சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டு, சந்தா வாங்கி, ஆண்டுக்கொரு பொதுக்குழு கூட்டும் இவ்வமைப்புகள் தேங்கும் மழைநீரையும் குப்பை வண்டியையும் பற்றி மண்டல அலுவலகத்துக்கு எழுதும் மனுக்களின் பயன் சிறிதன்று. இவை பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்களின் அமைப்புகள் என்பதும், வாடகைக்குக் குடியிருப்பவரும் அயல்மாநிலத் தொழிலாளரும் அங்கே குரலற்றவர்கள் என்பதும் அவற்றின் குறை. அவர்கள் பேசும் இடம் தேநீர்க்கடையும் முடிதிருத்தும் கடையும் கோயில் திருவிழாக் கொட்டகையும்தான். அங்கே பேசப்படுவதைக் குறித்துவைக்க ஏடு இல்லை.

ஏடில்லாத பேச்சு எப்போதும் வீணாகிவிடும் என்று கொள்வதற்கும் இல்லை என்பதற்கு வடசென்னையின் வரலாறே சான்று தருகிறது. பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலை செய்த தொழிலாளர்கள், மாலையில் வேலை முடிந்ததும் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்ற பக்திச் சபைக்குச் சென்று சமயச் சொற்பொழிவு கேட்பது வழக்கம். அதை நடத்தியவர்களுள் துணி வணிகரான செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முக்கியமானவர்கள். கதை கேட்க வந்தவர்கள் கதை முடிந்தபின் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள்: உணவு இடைவேளை அரை மணி நேரமே என்பதால் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருப்பதும், மேற்பார்வையாளரின் அடியும் வசவும் அந்தத் திண்ணைப் பேச்சில் வெளிவந்தன. அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்த இருவரும், அன்னி பெசன்டின் ‘நியூ இந்தியா’ இதழில் பணியாற்றிய பி.பி. வாடியாவை நாடினார்கள், 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலர் அதைக் குறிப்பிடுகின்றனர்.

அதன் பிறகு நடந்ததும் கவனிக்கத் தக்கது. 1920-இல் நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்று சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பெற்றது. கூடிப் பேசித் தொழிலாளரைத் திரட்டுவதே வழக்குக்குரிய குற்றமாகிவிடும் என்ற அந்த நிலைதான் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கையைக் கூர்மையாக்கி, 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு இட்டுச் சென்றது. ஒரு பஜனை மடத்தின் உரையாடல் எட்டு ஆண்டுகளில் நாடு முழுமைக்குமான சட்டமாயிற்று. எனினும் 1921 வேலைநிறுத்தத்தின்போது அதே ஆலைகளின் தொழிலாளர்கள் சாதியாலும் சமயத்தாலும் பிளவுண்டு, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்து உயிர்கள் பலியானதை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. ஒன்றாக அமர்ந்து பேசியவர்கள் ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் அல்லர்.

கடற்கரையை ஒட்டிய குப்பங்களில் வழங்குவது வேறொரு மரபு. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து என்பது அரசு ஏற்படுத்திய ஊராட்சியிலிருந்து வேறுபட்டது. ஊர்க்குடும்பங்கள் தேர்ந்தெடுத்த பெரியவர்கள் கூடி, கடலுக்குப் போகக் கூடாத நாளையும், வலைத் தகராறையும், கோயில் வரியையும், நிவாரணப் பங்கீட்டையும் முடிவு செய்யும் அவை அது. பழவேற்காட்டு ஏரியில் இன்றும் பேசப்படும் ‘பாடு’ முறை, எந்த ஊர்க்குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாடு. அலுவலரோ அச்சிட்ட விதியோ இல்லாமல், பேசி முடித்த சொல்லின் பலத்தில் மட்டுமே தலைமுறைகளாக நிற்கும் அந்த ஒழுங்கைப் பொதுவளம் பற்றி ஆராய்பவர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். மீனைத் தலையில் சுமந்து விற்கும் பெண்களுக்கு அந்த அவையில் இருக்கை இல்லை என்பதை அந்த வியப்பு சில நேரம் மறைத்துவிடுகிறது.

இத்தனை மரபுகள் உள்ள இந்த வடசென்னைப் பட்டையில், அரசு தானாகவே மக்களை அழைத்துக் கருத்துக் கேட்கும் ஒரே பெரிய நிகழ்ச்சி, சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். 1997-இல் நடைமுறைக்கு வந்து, 2006 செப்டம்பர் 14-ஆம் நாளிட்ட மத்திய அரசு அறிவிக்கையால் இன்றைய வடிவம் பெற்ற இக்கூட்டத்தை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டுகிறது. மாவட்ட ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அலுவலரோ தலைமை ஏற்கிறார். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், நடப்பவை முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும், எழுப்பப்பட்ட கேள்விகளின் தொகுப்பு கூட்ட முடிவில் மக்கள் மொழியில் வாசிக்கப்பட வேண்டும் என்று அறிவிக்கை கூறுகிறது. கிராம சபைக்கு உள்ளது போன்ற குறைவெண் வரம்பு இதற்கு இல்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டமே. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட மதிப்பீட்டு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்க, அதன் சுருக்கம் மட்டுமே தமிழில் கிடைக்கும். மக்கள் வேண்டாம் என்று ஒருமித்துச் சொன்னாலும் திட்டம் நின்றுவிடும் என்பதற்கு உறுதி கிடையாது, ஏனெனில் பதிவு செய்வதும் அனுப்பிவைப்பதும்தான் கடமை, ஏற்பது கடமையன்று. அப்படியிருந்தும் வடசென்னை மக்கள் இக்கூட்டங்களை விடாப்பிடியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கென அறிவிக்கப்பட்ட கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலுமாக இருமுறை தள்ளிவைக்கப்பட்டது. நடக்கவிருந்த கூட்டத்தை எதிர்நோக்கிக் குப்பங்களிலும் கல்லூரிகளிலும் நடந்த சிறு கூட்டங்களே ஒரு பெரும் பொதுவிவாதமாயின.

பண்பாடும் ஊர்ப் பிரச்சினையும் தனித்தனி அறைகளில் வைக்கப்பட வேண்டியவை என்ற எண்ணமும் இங்கே செல்லாது. எண்ணூர்க் கழிமுகம் சாம்பலாலும் ஆக்கிரமிப்பாலும் சுருங்குவதைப் பற்றி ஆய்வறிக்கைகள் பல வந்திருந்தும், 2017 ஜனவரியில் கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா கழிமுகத்திலேயே நின்று பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வெளிவந்த பிறகுதான், கொசஸ்தலை ஆற்றின் பெயரை முதன்முறையாகக் கேட்ட தென்சென்னைவாசிகள் பலர். அதே மாத இறுதியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் பரவியது கெடுவாய்ப்பான தற்செயல். அவரவர் தெருவிலேயே இறந்தவரைப் பாடி அனுப்பும் கானாவில், ஆலை வேலையும் வெள்ளமும் காவல்நிலையமும் வெகு காலமாகவே பாடுபொருளாக இருந்துவருகின்றன. அதை ஊர் நடப்பின் பதிவாக யாரும் கருதாததால், இறந்தவீட்டுப் பாட்டாகவே அது ஒதுக்கப்பட்டிருந்தது.

பேச்சிடங்களின் போதாமை முழுவதும் வெளிப்பட்ட மாதம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படர்ந்தது. காட்டுக்குப்பம் முதலிய ஊர்களில் படகும் வலையும் கரிப்பிசினாயின. அந்த மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்ததில், பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறிக் கையில் கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். மறுநாள் முதலே ஆலை வாயிலில் போராட்டப் பந்தல் எழுந்தது. வாரக்கணக்கில் நீண்ட அந்தப் பந்தல்தான், குழாய் எங்கே செல்கிறது, அதில் என்ன செல்கிறது, கசிந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஊரார் முதன்முறையாக ஒன்றுகூடிப் பேசிய அவையாக அமைந்தது.

அதற்கு ஓராண்டு முன்பே பகுதி சபைகள் தொடங்கிவிட்டிருந்தன. 2022 நவம்பர் 1 அன்று மாநிலம் முழுதும் அவை முதன்முறையாகக் கூட்டப்பட்டு, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பம்மலில் நடந்த கூட்டத்தில் கலந்துகொண்டார். சென்னையில் ஒவ்வொரு வார்டும் 10 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதிக்கொரு பிரதிநிதி நியமிக்கப்பட்டு, மாமன்ற உறுப்பினர் தலைமையில் வார்டு குழு அமைகிறது. பகுதி சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். பிரதிநிதி வாக்கால் வருபவர் அல்லர் என்பதால் கட்சிக்காரரே அமர்கிறார் என்ற குறைபாடு பரவலாகச் சொல்லப்படுகிறது. இருந்தாலும் மாத்தூர் போன்ற ஊருக்கு, 11 ஆண்டுகளுக்குப் பிறகு தன் பேச்சை எழுதிவைக்க ஓர் ஏடு கிடைத்திருக்கிறது என்பதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

அந்த ஏட்டில் எழுதக்கூடியவை விளக்கு, வடிகால், பூங்கா, குப்பை போன்ற மாநகராட்சி வேலைகளே. மணலிப் பட்டையின் பெரிய கவலைகள் மாநகராட்சியின் கையில் இல்லை. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் 76.32 புள்ளிகள் பெற்று, கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாக மணலி வகைப்படுத்தப்பட்டது. காற்றின் நாற்றம் மாநில வாரியத்தின் பொறுப்பு, 2021 நவம்பரில் மணலி புதுநகரை மூழ்கடித்த பூண்டி ஏரியின் உபரிநீர் நீர்வளத் துறையின் பொறுப்பு, ஆலைப் பாதுகாப்பு தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் பொறுப்பு. கருத்துக்கேட்புக் கூட்டமோ புதிய ஆலைக்கும் விரிவாக்கத்துக்கும் மட்டுமே உரியது. 1969 முதல் ஓடிக்கொண்டிருக்கும் சுத்திகரிப்பு ஆலையைப் பற்றி அக்கம்பக்கத்தார் ஆண்டுக்கு ஒருமுறை கேள்வி கேட்க அதில் இடம் இல்லை. போபால் பேரழிவுக்குப்பின் 1996-இல் வந்த இரசாயன விபத்து விதிகளில், ஆலைகள் நெருங்கியுள்ள பகுதிகளில் அலுவலர், தீயணைப்பு நிலையத்தார், மருத்துவர், ஆலையார், உள்ளூர்த் தொண்டு அமைப்பினர் ஆகியோரைக் கொண்ட உள்ளூர் நெருக்கடிக் குழு அமைய வேண்டும் என்றும், ஆபத்து பற்றி மக்களுக்கு அறிவூட்டுவது அதன் வேலைகளுள் ஒன்று என்றும் கூறப்பட்டிருக்கிறது. மாத்தூரின் பகுதி சபையில் அந்தக் குழுவின் உறுப்பினர் யார், கடைசியாக எப்போது கூடினார்கள், பக்கத்து ஆலையில் எவ்வளவு அமோனியா இருக்கிறது என்று ஒருவர் எழுந்து கேட்டு, அக்கேள்வி பதிவேட்டில் ஏறுமானால், மாநகராட்சியால் பதில் தர இயலாவிட்டாலும், பதில் தர வேண்டிய அலுவலகத்தின் பெயரை அது எழுதியாக வேண்டியிருக்கும்.