புல்வெளியைக் காட்டி மனை விற்கிறார்கள்! அட்வான்ஸ் கொடுக்கும் முன் உஷார்!

பச்சைப் பசேல் என்று புல்வெளி. நடுவில் ஒரு குளம். ஓரத்தில் கிளப், நீச்சல் குளம். கோட்டு சூட்டு போட்ட ஒருவர் மட்டையை வீசிப் பந்தை அடிக்கிறார். பின்னால் வரிசையாக பங்களாக்கள்.

இது நோட்டீசில் இருக்கும் படம். கீழே ஒரு வரி: "இன்றே முந்துங்கள்!"

கோல்ப் மைதானத்தோடு குடியிருப்பு என்பது வடக்கே வெகுநாளாக நடக்கிற வியாபாரம். அந்த மோகம் இப்போது தெற்கேயும் பரவிவிட்டது.

நல்லம்பள்ளி வழியாகப் போகிற அதே 44ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே போனால், பெங்களூர் தாண்டி தேவனஹள்ளி. அங்கிருந்து திரும்பினால் நந்தி மலை. அதன் அடிவாரத்தில் 275 ஏக்கரில் 18 குழி கோல்ப் மைதானமும் அதைச் சுற்றி மாளிகைகளும் இருக்கின்றன.

அது கோடீசுவரர்கள் சமாசாரம், நமக்கு என்ன என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது. அங்கே கோல்ப் மைதானம் என்றால், சின்ன ஊர்களில் பூங்கா, கிளப், நீச்சல் குளம், காவலாளி போட்ட கேட். சரக்கு வேறு, விற்கிற வித்தை ஒன்றுதான். மனையைக் காட்டி மனையை விற்பதில்லை. பக்கத்தில் இருக்கிற பச்சையைக் காட்டி மனையை விற்கிறார்கள்!

தர்மபுரிக்குத் தெற்கே, சேலம் போகும் வழியில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் நல்லம்பள்ளி. ரோட்டோர மனை என்றால் சும்மாவே கிராக்கி. தடங்கம், அதகப்பாடி பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை என்ற பேச்சு வேறு சேர்ந்துகொண்டது. பெங்களூரில் கட்டட வேலை பார்த்துச் சேர்த்த காசு, சீட்டு எடுத்த பணம், நகையை அடகு வைத்த பணம் எல்லாம் மனையில் போய் விழுகிற காலம் இது. அந்தப் பணம் போனால் திரும்பச் சம்பாதிக்க இன்னொரு இருபது வருஷம் ஆகும்.

ஆகவே, அட்வான்சை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

புல் யார் பேரில்?

முதல் கேள்வி இதுதான். "அந்தப் புல்வெளி யார் பேரில் இருக்கிறது?"

"உங்களுக்குத்தான் சார்! நீங்கதான் தினம் அதுல நடக்கப் போறீங்க" என்பார் புரோக்கர்.

நடப்பது வேறு, சொந்தம் வேறு. பத்திரத்தில் எழுதுவது உங்கள் மனையின் நீள அகலம் மட்டும். 1,200 சதுர அடி என்று எழுதியிருந்தால் 1,200 சதுர அடிதான் உங்களுடையது. புல்வெளியும் கிளப்பும் கம்பெனி பேரிலேயே இருக்கலாம். நாளைக்குக் கம்பெனி அதை விற்கலாம், அடமானம் வைக்கலாம், பூட்டியும் போடலாம்.

அமெரிக்காவில் இப்படி நடந்தது. 2006ம் ஆண்டுக்குப் பிறகு பல வருஷங்கள், புதிதாகத் திறந்த கோல்ப் மைதானங்களைவிட இழுத்து மூடியவைதான் அதிகம். புல்லைப் பார்த்தபடி வீடு வேண்டும் என்று கூடுதல் விலை கொடுத்தவர்கள் புதரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சில இடங்களில் மைதானத்தையே மனை போட்டு விற்கப் பார்த்தார்கள். குடியிருந்தவர்கள் கோர்ட்டுக்கு ஓடினார்கள்.

20 ஆயிரம் குடும்பங்கள்

அவ்வளவு தூரம் போவானேன்? டெல்லி பக்கத்தில் நொய்டா. அங்கே கோல்ப் மைதானம், பூங்கா எல்லாம் சேர்ந்த ஒரு குட்டி நகரம் என்று ஜேபி இன்ப்ராடெக் கம்பெனி அடுக்குமாடி வீடுகளை விற்றது. பணம் கட்டியவர்கள் சுமார் 20 ஆயிரம் பேர்.

2017 ஆகஸ்டில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. கடன் கொடுத்த பாங்குகள் முன்வரிசையில் நின்றன. வீட்டுக்குப் பணம் கட்டியவர்களுக்கு வரிசையில் இடமே இல்லை! வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2018ல் சட்டத்தைத் திருத்தி, வீடு வாங்க முன்பணம் கொடுத்தவர்களையும் கடன் கொடுத்தவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். மிச்ச வீடுகளை வேறு கம்பெனி கட்டிக் கொடுக்கட்டும் என்று தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்தபோது வருஷம் 2023.

ஒரு பக்கம் வாடகை, மறு பக்கம் பாங்க் தவணை. எத்தனை குடும்பம் இப்படி வருஷக்கணக்கில் அல்லாடியது! அவர்களுக்கும் முதலில் காட்டியது பச்சைப் புல்வெளிதான்.

நோட்டீசிலா, வரைபடத்திலா?

நம் கையில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. "ரேரா" என்கிறார்கள். 2016ல் வந்து, 2017 மே முதல் தேதியிலிருந்து முழுதாக அமலுக்கு வந்த ரியல் எஸ்டேட் சட்டம்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் மனை போட்டு விற்பவர்கள் ரேராவில் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு நம்பர் இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. நோட்டீசைக் கையில் வாங்கியதும் முதலில் அந்த நம்பரைத் தேடுங்கள். நம்பர் இருந்தால், ரேரா இணையதளத்தில் தட்டினால் வரைபடமே வந்துவிடும்.

அந்த வரைபடத்தில் புல்வெளி இருக்கிறதா என்று பாருங்கள். கிளப் இருக்கிறதா? நீச்சல் குளம் இருக்கிறதா?

வரைபடத்தில் இருந்தால், மனை வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் எழுத்து மூலம் சம்மதிக்காமல் கம்பெனி அதை மாற்ற முடியாது. நோட்டீசில் மட்டும் இருந்தால்? அப்போதும் வழி இருக்கிறது. பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர், விலகிக்கொண்டு வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்கு அத்தாட்சி வேண்டும். ஆகவே நோட்டீசில் சுண்டல் மடித்துவிடாதீர்கள். பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள்!

முன்பணம் எவ்வளவு?

"இன்னும் ரெண்டே மனைதான் பாக்கி. நாளைக்கு ரேட்டு ஏறிடும் அண்ணா. பாதிப் பணத்தை இப்பவே போட்டுடுங்க."

போடாதீர்கள்! விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டும் என்றால், முதலில் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது ரேரா. மனை 10 லட்ச ரூபாய் என்றால், ஒப்பந்தம் பதியாமல் ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கக் கூடாது. கொடுப்பதையும் பாங்க் மூலம் கொடுங்கள். துண்டுச் சீட்டு ரசீது கோர்ட்டில் நிற்பது சிரமம்.

"பஞ்சாயத்து அப்ரூவல்"

ஏமாந்தவர்களைக் கேட்டால் அதிகம் பேர் சொல்கிற வார்த்தை இது. பஞ்சாயத்துத் தலைவர் சீல் வைத்துக் கொடுத்த காகிதத்தைக் காட்டி மனை விற்ற காலம் ஒன்று உண்டு. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுக்க வேண்டியது நகர் ஊரமைப்புத் துறை. டி.டி.சி.பி. என்றால் எல்லோருக்கும் தெரியும்.

2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு ஒரு போடு போட்டது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியவே கூடாது என்று தடை! மாநிலம் முழுக்கப் பத்திரப் பதிவு ஸ்தம்பித்தது. பெண் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப் போட்ட மனைகள் கையில் தங்கிவிட்டன. பிறகு 2017ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20ந் தேதிக்குள் விற்ற மனைகளுக்குத்தான் அந்தச் சலுகை.

ஆகவே யாராவது பழைய மனையை விற்க வந்தால், "வரன்முறை ஆர்டர் இருக்கா?" என்று கேளுங்கள். "அப்புறம் பண்ணிக்கலாம்" என்று பதில் வந்தால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கேட்டும் பூங்காவும்

பெரிய கேட், காவலாளி, "வெளியாட்கள் வரக் கூடாது" என்று போர்டு. இதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ஆனால் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் ரோடுகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கம். எழுதிக் கொடுத்த பிறகு அது ஊர் ரோடு! அதில் கேட் போட்டு மற்றவர்களை மறிக்க முடியாது.

பூங்காவும் அப்படித்தான். 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் (சுமார் இரண்டரை ஏக்கர்), ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். அது பொது இடம். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் ஆஸ்பத்திரி கட்டுவதையே 1991ல் சுப்ரீம் கோர்ட்டு தடுத்திருக்கிறது. அப்பேர்ப்பட்ட பாதுகாப்பு பூங்காவுக்கு உண்டு. கம்பெனி பேரில் இருக்கும் விளையாட்டுப் புல்வெளிக்கு அது தானாக வந்துவிடாது. தானப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். எது ஊர்ச் சொத்து, எது கம்பெனிச் சொத்து என்று அதில் தெரிந்துவிடும்.

மாதா மாதம் தண்டல்

புல் சும்மா வளராது. தண்ணீர், மிஷின், ஆள். அந்தச் செலவு யார் தலையில்?

சதுர அடிக்கு மாதம் 2 ரூபாய் பராமரிப்பு என்று வைத்துக்கொள்வோம். கேட்கச் சொற்பம். 1,200 சதுர அடிக்கு மாதம் 2,400 ரூபாய். வருஷத்துக்கு 28,800 ரூபாய்! வீடு கட்டாமல் காலியாகப் போட்டிருந்தாலும் கட்ட வேண்டுமா? வருஷா வருஷம் ஏறுமா? கிளப்பில் சேர தனிப் பணமா? மனையை விற்றால் வாங்குகிறவருக்கு அந்த உரிமை போகுமா? எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது.

தண்ணீர்... தண்ணீர்!

18 குழி கோல்ப் மைதானத்துக்கு 100 ஏக்கருக்கு மேல் இடம் வேண்டும். வெயில் காலத்தில் அதைப் பச்சையாக வைத்திருக்க தினம் பல லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

தர்மபுரி மாவட்டத்துத் தண்ணீர்க் கதை ஊருக்கே தெரியும். நிலத்தடி நீரில் புளோரைடு. பிள்ளைகள் பல்லில் கறை, பெரியவர்களுக்கு எலும்பு வலி. அதற்காகவே 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. 2008ல் அடிக்கல் நாட்டி, 2013ல் தொடங்கி வைத்தார்கள். காவிரியிலிருந்து குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்த பூமியில், புல்லுக்கும் நீச்சல் குளத்துக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

மனை பார்க்க சித்திரை, வைகாசியில் போங்கள். மழைக்காலத்தில் எந்தப் பூமியும் பச்சையாகத்தான் இருக்கும்! பக்கத்துத் தோட்டக்காரரிடம், "போர் எத்தனை அடியில அண்ணா?" என்று கேளுங்கள். தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால் குடிக்க ஆகாது.

பார்க்க வேண்டிய காகிதங்கள்

1. தாய்ப் பத்திரம். நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலி அறுந்திருக்கக் கூடாது.

2. வில்லங்கச் சான்று. குறைந்தது 30 வருஷத்துக்குப் போடுங்கள். பாங்க் அடமானம் இருந்தால் வெளியே வந்துவிடும்.

3. பட்டா, அ பதிவேடு, புலப்படம். ஓடை, ஏரி, புறம்போக்கு, கோயில் நிலம் இதில் தெரியும். பஞ்சமி நிலமா என்றும் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில், 1892ல், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய நிலம் அது. மற்றவர்கள் வாங்கினால் செல்லாது.

4. வாரிசுகள் கையெழுத்து. பூர்வீகச் சொத்து என்றால் பெண் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது. 2005ல் நாடு முழுக்க வந்தது. அக்கா, தங்கை கையெழுத்து இல்லாத பத்திரம் பின்னால் வழக்காக முளைக்கும்.

5. பவர் பத்திரம். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்துவிட்டாரா என்று விசாரியுங்கள். பவரை வைத்து மட்டுமே சொத்து கைமாறிவிடாது என்று 2011ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பே இருக்கிறது.

6. நிலம் எடுப்பு நோட்டீஸ். சிப்காட்டுக்கோ ரோட்டுக்கோ எடுக்கப் போகிற சர்வே நம்பரா? தாலுகா ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பத்திரச் செலவையும் கணக்கில் வையுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக, லட்சத்துக்கு 9 ஆயிரம்.

வக்கீல் பீஸ் வீண் செலவா?

பத்து லட்சத்துக்கு மனை வாங்குகிறவர், சில ஆயிரம் ரூபாய் வக்கீல் பீசுக்கு யோசிக்கிறார். விற்கிறவர் காட்டுகிற வக்கீலிடம் போகாதீர்கள். உங்களுக்கென்று ஒருவரைப் பிடித்துக் காகிதங்களைக் காட்டுங்கள். நாலு கல்லையும் சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். நல்ல மனைப்பிரிவுகளும் உண்டு, நாணயமாக விற்கிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர் காகிதம் கேட்டால் கோபப்பட மாட்டார். "நம்பிக்கை இல்லையா சார்?" என்று முறைக்கிறவரிடம்தான் ஜாக்கிரதை வேண்டும்.

பச்சைப் புல்லைப் பார்த்து மயங்குவது ஆட்டுக்குச் சரி. பணம் போடுகிறவர் பத்திரத்தைப் பார்க்க வேண்டும்!